உயர்பாதைப் பூங்காவைச் சூழ்ந்த கட்டடங்கள்

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில், மேற்குக் கரையை ஒட்டி, தெருமட்டத்துக்குச் சுமார் 9 மீட்டர் உயரத்தில் செல்லும் பூங்கா ஹை லைன். தெற்கே கான்ஸ்வோர்ட் தெருவில் தொடங்கி வடக்கே 34ஆம் தெரு வரை 2.3 கிலோமீட்டர் நீளம் கொண்டது. அகலமோ பல இடங்களில் இரண்டு ரயில் பாதைகளுக்கு வேண்டிய அளவுதான். சரக்கு ரயில்களுக்காக 1930களில் எழுப்பப்பட்ட எஃகுப் பாலம் 2009இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்பு தொடங்கி அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள், ஃபிராங்க் கேரி, ழான் நூவெல், ஷிகேரு பான், ரென்சோ பியானோ, ஜஹா ஹதீத், ஜீன் கேங் என உலகறிந்த கட்டடக் கலைஞர்கள் பலர் அதன் இருபுறமும் கட்டடங்களை எழுப்பினர். ஒரு மணி நேர நடையில் இத்தனை பேரின் வேலையையும் பார்த்துவிடக்கூடிய இடம் உலகில் வேறு எங்கும் இருப்பதாகச் சொல்வது கடினம். பணமும் புகழும் மட்டும் இதற்குக் காரணம் என்று எண்ணினால் கதையின் பாதி விடுபட்டுப்போகும். பாலத்தை இடிக்காமல் காப்பதற்காக வான்வெளியைப் பங்கிட்டுக்கொண்ட ஒரு சட்ட ஏற்பாடுதான் இந்தக் கட்டடங்களுக்கு இடத்தையும், பல நேரங்களில் வடிவத்தையும் கொடுத்தது.

கதை தெருமட்டத்தில் தொடங்குகிறது. மன்ஹாட்டனின் மேற்குப் பகுதியில் தெருவிலேயே தண்டவாளம் பதிக்க 1847இல் நகர நிர்வாகம் அனுமதி கொடுத்தது. ஹட்சன் ஆற்றங்கரைத் துறைமுகத்துக்கும் இறைச்சிக் கூடங்களுக்கும் கிடங்குகளுக்கும் சரக்கு கொண்டுவந்த ரயில்கள், குதிரை வண்டிகளுக்கும் பாதசாரிகளுக்கும் நடுவே ஓடின. விபத்துகளில் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். ரயில் ஓடிய அவென்யூவுக்கு 'மரண அவென்யூ' என்றே பெயர் வந்தது. இன்ஜினுக்கு முன்னால் குதிரையில் சென்று, பகலில் சிவப்புக் கொடியும் இரவில் விளக்கும் காட்டி மக்களை விலக்குவதற்கென்றே ஆட்களை ரயில்வே நிறுவனம் வேலைக்கு வைத்தது. 'மேற்குப்புற கௌபாய்கள்' என்று அழைக்கப்பட்ட இவர்களில் கடைசி ஆள் 1941 வரை இந்த வேலையைச் செய்தார்.

பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1929இல் நகரமும் மாநில அரசும் நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. சுமார் 21 கிலோமீட்டர் நீளத் திட்டம் அது. தெருவில் இருந்த 105 ரயில் கடவுகள் அதனால் ஒழிந்தன. செலவு அன்றைய மதிப்பில் 15 கோடி டாலரைத் தாண்டியது. அதன் தென்பகுதியான உயர்பாதை 1934இல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. 34ஆம் தெருவிலிருந்து ஸ்பிரிங் தெருவில் இருந்த செயின்ட் ஜான்ஸ் பார்க் முனையம் வரை அது சென்றது.

இந்தப் பாலத்தை வடிவமைத்த பொறியாளர்கள் எடுத்த ஒரு முடிவு, எழுபது ஆண்டுகள் கழித்து வந்த கட்டடக் கலைஞர்களையும் கட்டிப்போட்டது. நகரின் பழைய உயர்மட்டப் பயணி ரயில்கள் அவென்யூக்களின் நடுவே தூண் நட்டு ஓடியவை. அவற்றின் நிழலில் தெருவே இருண்டுகிடந்தது. அந்தத் தவறு மீண்டும் நேராதிருக்க, புதிய பாதை பெரும்பாலும் பத்தாம் அவென்யூவுக்கு மேற்கே, மனைகளின் நடுவில் கொண்டுசெல்லப்பட்டது. தெருக்களை அது குறுக்கே கடந்தது. எந்தத் தெருவின் தலைக்கு மேலும் அது நீளவாக்கில் போகவில்லை. இதனால் இன்னொரு வசதியும் கிடைத்தது. தொழிற்சாலைகளின் இரண்டாம், மூன்றாம் மாடிக்குள் ரயில் நேராக நுழைய முடிந்தது. நேஷனல் பிஸ்கட் கம்பெனியின் பேக்கரிக் கட்டடம் பாதையைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொள்ளுமாறு திருத்திக் கட்டப்பட்டது. ஓரியோ பிஸ்கட் பிறந்த அந்த வளாகம்தான் இன்றைய செல்சி மார்க்கெட். தெற்கே பெல் ஆய்வுக்கூடத்தின் கட்டடத்தையும் ரயில் ஊடுருவிச் சென்றது. ரிச்சர்ட் மையர் அதைக் கலைஞர்களுக்கான வெஸ்ட்பெத் குடியிருப்பாக 1970இல் மாற்றினார். பாதையின் ஒரு துண்டு இன்றும் அதற்குள் இருக்கிறது. வூல்வொர்த் கட்டடத்தைப் படைத்த காஸ் கில்பர்ட் 25ஆம் தெருவில் கட்டிய மளிகைக் கிடங்குக்கும் பாலத்திலிருந்து ஒரு கிளைப்பாதை போயிற்று. ஹை லைனை ஒட்டி எழுந்த முதல் நவீனக் கட்டடங்கள் உண்மையில் இவைதாம். பாதைக்கும் சுவருக்கும் இடையே இடைவெளியே வேண்டாம் என்று எண்ணிக் கட்டப்பட்ட அவற்றின் துணிவு, பின்னால் வந்த கண்ணாடிக் கோபுரங்கள் பலவற்றில் இல்லை.

1950களில் நெடுஞ்சாலைகளும் லாரிகளும் பெருகியபோது ரயில் சரக்கு குறையத் தொடங்கியது. பாலத்தின் தென்கோடி 1960களில் இடிக்கப்பட்டது. உறையவைத்த வான்கோழி ஏற்றிய மூன்று பெட்டிகளுடன் 1980இல் கடைசி ரயில் ஓடியது. அதன்பின் பாலத்தின் அடியில் மனை வைத்திருந்தவர்கள் ஒன்றுசேர்ந்து அதை இடிக்கக் கோரினார்கள். அவர்கள் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. நிலம் அவர்களுடையது, ரயில் செல்லும் உரிமை மட்டுமே ரயில்வேக்கு உண்டு. ரயில் ஓடாத பாலமோ அவர்கள் மனையின் தலைமேல் துருப்பிடித்து நின்றது. பாலம் செல்லும் செல்சி வட்டாரத்தில் வசித்த ரயில் ஆர்வலர் பீட்டர் ஆப்லெட்ஸ் அதைக் காக்க வழக்காடினார். 1984இல் பாலத்தின் அப்போதைய உரிமையாளரான கான்ரெயில் நிறுவனத்திடமிருந்து 10 டாலருக்கு அவர் அதை வாங்கியும்விட்டார். அந்த விற்பனை பின்னர் செல்லாமற்போனது. 1991இல் இன்னும் ஐந்து மனைத்தொகுதிகளின் நீளம் இடிபட்டது.

மேலே, யாரும் நடமாடாத சரளைக்கல் படுகையில், காற்றும் பறவையும் கொண்டுவந்த விதைகள் முளைத்தன. புல்லும் சுமாக் செடிகளும் காட்டுப்பூக்களும் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே மண்டின. 1999இல் அப்பகுதியினர் கூடிய ஒரு கூட்டத்தில் தற்செயலாக அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்த ஜோஷுவா டேவிட், ராபர்ட் ஹாமண்ட் ஆகிய இருவர் 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் தி ஹை லைன்' அமைப்பைத் தொடங்கினர். ஒருவர் பயணக்கட்டுரை எழுதுபவர், மற்றவர் தொழில் ஆலோசகர். நகரத் திட்டமிடலில் இருவருக்கும் பயிற்சி கிடையாது. ஜோயல் ஸ்டெர்ன்ஃபெல்டு என்ற புகைப்படக் கலைஞர் 2000 முதல் ஓராண்டுக்கு மேல் எல்லாப் பருவங்களிலும் பாலத்தின் மேல் படமெடுத்தார். நகரின் நடுவே ஒரு புல்வெளி வடக்கு நோக்கி நீள்வதை அந்தப் படங்கள் காட்டியபோதுதான், இடிப்பதற்கு எதிரான வாதம் மக்களுக்குக் கண்முன் தெரிந்தது. ஆனாலும் மேயர் ரூடி ஜூலியானி 2001 டிசம்பரில், பதவிக்காலம் முடியும் தறுவாயில், இடிப்பதற்கான ஆவணத்தில் கையெழுத்திட்டார். அடுத்து வந்த மைக்கேல் ப்ளூம்பெர்கின் நிர்வாகம் எதிர்த்திசையில் திரும்பியது.

பாரிஸ் முன்னுதாரணமாக இருந்தது. அங்கே 1859 முதல் 1969 வரை ரயில் ஓடிய மேம்பாலத்தின் மீது, 'ப்ரொமெனாத் பிளாந்தே' என்ற தோட்டப்பாதை 1993இல் திறக்கப்பட்டது. பாலத்தின் செங்கல் வளைவுகளுக்கு அடியில் பாட்ரிக் பெர்ஜே என்ற கட்டடக் கலைஞர் கைவினைஞர்களுக்கான பட்டறைகளை அமைத்தார். ஆனால் பாரிஸில் இருந்த நிலவரம் வேறு; நியூயார்க்கில் பாலத்தின் அடிநிலம் பல தனியாரின் கையில் இருந்தது. அவர்களுடைய இழப்புக்கு ஈடுகட்டாமல் பாலத்தைக் காக்க வழியில்லை.

ஈடுகட்டும் வழி நகரின் சட்டத்திலேயே இருந்தது. ஒரு மனையில் எத்தனை சதுர அடி கட்டலாம் என்பதற்கு நியூயார்க்கில் 1961 முதல் ஒரு விகிதம் உண்டு. தமிழ்நாட்டில் வீடு கட்டுவோர் எஃப்.எஸ்.ஐ. என்று சொல்லும் அதே கணக்குதான். விகிதம் 5 என்றால், 10,000 சதுர அடி மனையில் 50,000 சதுர அடி எழுப்பலாம். அங்கே 10,000 சதுர அடிக்கு ஒரு கராஜ் மட்டும் நின்றால், மீதி 40,000 சதுர அடி கட்டப்படாத வான்வெளியாக இருக்கிறது. அந்த மீதியைச் சொத்தாக மதித்து வேறொரு மனைக்கு விற்க முடியுமா என்பதுதான் கேள்வி. வரலாற்றுச் சின்னங்களைப் பொறுத்தவரை முடியும் என்ற விடை ஏற்கெனவே வந்திருந்தது. அந்த விடைக்குக் காரணமான நிறுவனமும் ஹை லைனைக் கட்டிய ரயில்வேயின் வாரிசுதான். நியூயார்க் சென்ட்ரல் 1968இல் பென்சில்வேனியா ரயில்வேயோடு இணைந்து பென் சென்ட்ரல் ஆனது. தன் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் மார்செல் பிராயர் வடிவமைத்த அலுவலகக் கோபுரத்தை எழுப்ப அது முயன்றது. வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு ஆணையம் மறுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1978இல் நகரத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. நிலையத்தின் மேல் கட்ட முடியாத பரப்பை அக்கம்பக்க மனைகளுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை நிறுவனத்துக்கு இருப்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. கட்டடம் கட்டும் உரிமையை இடம்பெயர்க்கலாம் என்ற கருத்து அத்தீர்ப்பால் வலுப்பெற்றது.

நகரத் திட்ட ஆணையத்தின் தலைவர் அமாண்டா பர்டன் முன்னின்று நடத்திய மேற்குச் செல்சி மறுவகைப்படுத்தல் 2005 ஜூனில் நகர மன்றத்தில் நிறைவேறியது. ஹை லைனையும் அதன் ஓரத்தையும் சேர்த்து ஒரு பட்டை குறிக்கப்பட்டது. அந்தப் பட்டைக்குள் மனை வைத்திருப்பவர்கள் தங்களால் பயன்படுத்த முடியாத கட்டட உரிமையைப் பத்தாம், பதினொன்றாம் அவென்யூக்களை ஒட்டிய குறிப்பிட்ட மனைகளுக்கு விற்கலாம். அவென்யூ ஓரங்களில் குடியிருப்புகளுக்கு அனுமதி கிடைத்தது. நடுத்தெருக்கள் பழைய தொழில் மண்டலமாகவே விடப்பட்டன. 1990களில் மலிவு வாடகைக்காக அங்கே குடியேறிய ஓவியக் கூடங்கள் அப்படியாவது தங்கட்டும் என்பது எண்ணம். விலை குறைந்த வீடுகள் கட்டுவோருக்கும், பூங்காவுக்குப் படிக்கட்டோ நிதியோ தருவோருக்கும் கூடுதல் பரப்புச் சலுகைகள் வைக்கப்பட்டன. இடிக்கச் சொன்ன மனைக்காரர்களுக்குப் பாலம் நிற்பதே லாபமானது, எதிர்ப்பு அடங்கியது. அதே ஆண்டு நவம்பரில், கான்ரெயில் பிரிக்கப்பட்டபோது பாலத்தைப் பெற்றிருந்த சிஎஸ்எக்ஸ் நிறுவனம் அதை நகரத்துக்குக் கொடையாகக் கொடுத்தது.

இது சாமர்த்தியமான ஏற்பாடு. எனினும் அதன் விளைவை ஏட்டில் பார்த்தே ஊகித்திருக்கலாம்: பாலத்தின் மேல் வெட்டவெளி நிலைக்கும், பாலத்தின் இருபுறமும் கோபுரம் எழும். வானத்தைக் காப்பதற்காக வானத்தையே விற்றதால், விற்ற பங்கு சில நூறு அடி தள்ளி மாடிகளாகத் திரும்பி வந்தது.

பூங்காவுக்கான கருத்துப்போட்டி 2003இல் நடந்தபோது 36 நாடுகளிலிருந்து 720 குழுக்கள் பங்கெடுத்தன. மைல் நீள நீச்சல்குளம் ஆக்கலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. வரைபடங்கள் காட்சிக்கு வைக்கப்பட்ட இடம் அதே கிராண்ட் சென்ட்ரல் நிலையம். அடுத்த ஆண்டு ஜேம்ஸ் கார்னரின் நிலவமைப்பு நிறுவனமும், டில்லர் ஸ்கோஃபிடியோ + ரென்ஃப்ரோ கட்டடக் கலைஞர்களும், டச்சுத் தோட்டக்கலைஞர் பீட் ஔடோல்ஃபும் சேர்ந்த குழு தேர்வாயிற்று. 2006இல் பணி தொடங்கியது. தண்டவாளங்கள் எண்ணிட்டுப் பிரிக்கப்பட்டுக் கிடங்கில் வைக்கப்பட்டன. எஃகின் பழைய ஈயப் பூச்சைச் சுரண்டி நீக்கினர். நீர் கசியாத படுகை இட்டபின் தண்டவாளங்களில் பல திரும்பப் பதிக்கப்பட்டன. முதல் பகுதி 2009 ஜூனிலும், 30ஆம் தெரு வரையான இரண்டாம் பகுதி 2011 ஜூனிலும், ரயில் முற்றத்தைச் சுற்றிவரும் மூன்றாம் பகுதி 2014 செப்டம்பரிலும் திறக்கப்பட்டன.

நடைதளத்தைக் குனிந்து பார்த்தால் இந்த வடிவமைப்பின் கூர்மை விளங்கும். முன்வார்த்த நீண்ட கான்கிரீட் பலகைகளை அடுக்கிப் போட்டிருக்கிறார்கள். செடிப்படுகையை நெருங்கும் இடத்தில் ஒவ்வொரு பலகையின் முனையும் கூராகக் குறுகுகிறது. பலகைகளுக்கு இடையே மண் நுழைகிறது, அதில் புல் முளைக்கிறது. நடக்கும் இடம் எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. மழைநீர் அந்தத் திறந்த இடுக்குகள் வழியே படுகைக்குப் போகிறது. சில பலகைகள் தரையிலிருந்து மெல்ல எழும்பி இருக்கைகளாகின்றன. மண்ணின் ஆழம் பெரும்பாலும் ஒன்றரை அடி அளவுதான்; அதில் ஔடோல்ஃப் நூற்றுக்கணக்கான வகைச் செடிகளை, தானாக முளைத்திருந்த பழைய காட்டை நினைவில் வைத்து நட்டார். காய்ந்த தண்டுகளும் விதைக்கதிர்களும் குளிர்காலம் முழுதும் வெட்டப்படாமல் நிற்கின்றன.

பூங்காவுக்குச் சற்று முன்பே வந்தது ஃபிராங்க் கேரியின் ஐஏசி கட்டடம். 2007இல் முடிந்த இதுவே நியூயார்க்கில் அவருடைய முதல் கட்டடம். பதினொன்றாம் அவென்யூவில் ஆற்றைப் பார்த்து நிற்கும் இதன் வெண்ணிறக் கண்ணாடிச் சுவர் வளைந்து வளைந்து செல்கிறது. உலையில் வளைத்த கண்ணாடிக்கு ஆகும் செலவைத் தவிர்க்க, தட்டையான பலகைகளைக் கட்டுமிடத்திலேயே அழுத்தி வளைத்துச் சட்டத்தில் பொருத்தினார்கள். எதிரே 2010இல் முடிந்த ழான் நூவெலின் 23 மாடிக் குடியிருப்பில், 1,600க்கு மேற்பட்ட கண்ணாடிகள் வெவ்வேறு அளவிலும் வெவ்வேறு சாய்விலும் பதிந்திருக்கின்றன. ஆற்றின் ஒளி ஒவ்வொன்றிலும் வேறு கோணத்தில் படுகிறது. 19ஆம் தெருவில் ஷிகேரு பான் கட்டிய குடியிருப்பு இவற்றைவிட அடக்கமானது. செல்சியின் கிடங்குகளும் ஓவியக் கூடங்களும் இரவில் இறக்கும் இரும்பு ஷட்டரை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். துளையிட்ட உலோக ஷட்டரை இறக்கினால் கட்டட முகப்பு முழுதும் ஒரே வெண்பெட்டி. ஏற்றினால் உள்வீடு தெருவுக்குத் திறக்கிறது. தெருவின் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு பேசும் கட்டடம் என்ற வகையில், இவற்றுள் மிகப் பொருத்தமானது இதுவே.

பாலத்தோடு நேரடியாக மோதிப் பார்த்தது ஸ்டாண்டர்டு ஹோட்டல். டாட் ஷ்லீமன் வடிவமைத்து 2009இல் திறந்த இந்த 18 மாடிக் கட்டடம் இறைச்சிக் கூடங்கள் இருந்த வட்டாரத்தில், புதிய விதிகளின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. மனையைப் பாலம் குறுக்கே வெட்டிச் செல்வதால், கனத்த கான்கிரீட் கால்களைத் தெருவில் ஊன்றி, ஹோட்டலைப் பாலத்துக்கும் மேலே தூக்கி நிறுத்தினார்கள். மேற்பகுதியின் இரண்டு பலகைகளும் பாதி திறந்து நிறுத்திய புத்தகம் போல மடிந்திருக்கின்றன. பூங்காவில் நடப்பவர் ஹோட்டலின் அடிவயிற்றுக்குக் கீழே கடந்துபோகிறார். 1930களில் ரயிலை உள்ளே விட்ட தொழிற்சாலைகளின் வழிவந்தது என்று சொல்லத் தகுந்தது இந்த ஒன்றுதான்.

23ஆம் தெருவில் நீல் டெனாரி கட்டிய எச்எல்23 குடியிருப்பு, நெருக்கடியே வடிவம் ஆன கதை. மனையின் அகலம் 40 அடி. அதிலும் ஒரு பகுதிக்கு மேலே பாலம் செல்கிறது. தரையில் ஒடுங்கித் தொடங்கும் கட்டடம், பாலத்தின் உயரத்தைத் தாண்டியதும் கிழக்கே பூங்காவின் பக்கம் புடைத்து வெளியே வருகிறது. அதனால் மேல்மாடிகள் கீழ்மாடிகளைவிடப் பெரியவை. அந்தப் புடைப்புக்கு மறுவகைப்படுத்தல் விதிகளிலிருந்து பல விதிவிலக்குகள் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. பூங்காவை நோக்கிய முகத்தில் கண்ணாடியைக் குறைத்து, மடிப்புகள் கொண்ட துருவேறா எஃகுத் தகடுகளைப் போர்த்தினார் டெனாரி. நடப்பவர் கைநீட்டும் தொலைவில் படுக்கையறைகள் இருக்கும்போது, அந்தரங்கம் என்பது கட்டடக் கலையின் கேள்வியாகிவிடுகிறது. பிற்காலக் கட்டடங்கள் பல இதைக் கவனிக்கவில்லை. தரை முதல் கூரை வரை கண்ணாடி வைத்துவிட்டு, உள்ளே திரையை நிரந்தரமாக இழுத்து மூடிக்கொண்டன.

28ஆம் தெருவில் ஜஹா ஹதீதின் 11 மாடிக் குடியிருப்பில் 39 வீடுகள். இடது பக்க மாடிகளும் வலது பக்க மாடிகளும் அரைமட்டம் ஏறி இறங்கிப் பின்னிக்கொள்ள, அந்தப் பின்னலை ஒரே கோடாக வளையும் எஃகுப் பட்டைகள் வெளியே காட்டுகின்றன. பட்டைகளைக் கையால் தேய்த்துக் கருமை ஏற்றியிருப்பதால், பக்கத்தில் இருக்கும் பாலத்தின் இரும்போடு அவை ஒட்டுகின்றன. கட்டட வேலை நடந்தபோது கீழே நடப்போரைக் காக்கப் பூங்காவின் மேல் போட்ட தற்காலிகப் பந்தலையும் ஹதீதே வடிவமைத்தார். 2016 மார்ச்சில் அவர் காலமானார். கட்டடம் மறு ஆண்டு நிறைவுற்றது.

தென்கோடியில் 2015 மே மாதம் திறந்த விட்னி அருங்காட்சியகம் 42.2 கோடி டாலர் செலவில் எழுந்தது. விட்னியின் முந்தைய கட்டடம், கிராண்ட் சென்ட்ரல் கோபுரத்தை வரைந்த அதே மார்செல் பிராயரின் 1966ஆம் ஆண்டுப் படைப்பு. உள்நோக்கி மூடிக்கொண்ட கல் பெட்டி. ரென்சோ பியானோ நேர்மாறாகச் செய்தார். கிழக்குப் பக்கம் மாடி மாடியாகப் பின்வாங்கும் திறந்த தளங்கள். சிற்பங்கள் அங்கே வெயிலில் நிற்கின்றன. ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்கு வெளிப்படிக்கட்டிலேயே போகலாம். பூங்காவின் நடை கட்டடத்தின் மேல் தொடர்ந்து ஏறுவதாக இதைப் படிக்கலாம். கட்டுமானத்தின்போது, 2012 அக்டோபரில் சாண்டி புயல் ஆற்றுநீரை அடித்தளத்துக்குள் கொண்டுவந்தது. அதன்பின் வெள்ளத்தைத் தடுக்கும் கதவுகளும் தடுப்புச் சுவர்களும் திட்டத்தில் சேர்க்கப்பட்டன.

இவை எல்லாவற்றிலும் சட்டத்தை மிக நுட்பமாக வாசித்தவர் ஜீன் கேங். நியூயார்க்கின் 1916ஆம் ஆண்டு விதிகளின் காலம் முதலே, உயரமான கட்டடங்கள் தெருவிலிருந்து பின்வாங்கிப் படிப்படியாக ஏற வேண்டும்; தெருவுக்கு வெளிச்சம் கிடைக்கும் என்பது நோக்கம். ஆனால் ஹை லைன் மனைகளின் நடுவே செல்வது. தெருவிலிருந்து பின்வாங்கும் கட்டடம், அந்த அளவுக்குப் பூங்காவை நெருங்கி அதன் மேல் நிழல் போடும். வெளிச்சத்துக்காக எழுதிய விதி, இந்த ஒரு பொதுவெளியில் வெளிச்சத்தைத் திருடியது. பத்தாம் அவென்யூவில், 13, 14ஆம் தெருக்களுக்கு நடுவே 2019இல் முடிந்த 'சோலார் கார்வ்' அலுவலகக் கட்டடத்தில் கேங் கணக்கைத் திருப்பிப்போட்டார். சூரியன் நாள் முழுதும் நகரும் கோணங்களைக் கணக்கிட்டு, பூங்காவுக்கு வெயில் தடைபடும் மூலைகளைச் செதுக்கி எடுத்தார். செதுக்கிய பகுதிகளில் சாய்சதுரக் கண்ணாடிகள் உள்நோக்கிச் சரிகின்றன. பூங்காவுக்கு உரிய வெயிலை அங்கேயே விட்டுவிட்டு, மீதி இடத்தில் கட்டடத்தை வளரவிட்ட முறை இது. விதியின் எழுத்தைவிட விதியின் நோக்கத்துக்குக் கட்டுப்பட்ட இந்தக் கட்டடம் பத்தாண்டுகள் முன்பே வந்திருந்தால், மற்றவை வேறுமாதிரி எழுந்திருக்கக்கூடும்.

பின்னர் வந்தவை உயரத்தில் கூடின. 18ஆம் தெருவில் தாமஸ் ஹெதர்விக்கின் 'லாண்டர்ன் ஹவுஸ்' பூங்காவின் இருபுறமும் இரண்டு கோபுரங்களாக நிற்கிறது. வெளியே புடைத்த ஜன்னல்கள் மாடிதோறும் அடுக்கப்பட்டுள்ளன. இரண்டுக்கும் பொதுவான கண்ணாடி நுழைவுக்கூடம் பாலத்துக்கு அடியில் அமைந்திருக்கிறது. அதற்கு மேற்கே, பியார்கே இங்கெல்ஸ் வரைந்த இரட்டைக் கோபுரங்கள் மேலே போகப் போக முறுக்கிக்கொள்கின்றன. ஒன்று மற்றொன்றின் ஆற்றுக்காட்சியை மறைக்காதிருக்கச் செய்த உத்தி அது. பாதியில் பணமுடையால் நின்று, கைமாறி, 'ஒன் ஹை லைன்' என்ற பெயரில் அவை முடிந்தன.

வடகோடியில் நிலைமை முற்றிலும் வேறு. 30ஆம் தெருவுக்கு அப்பால், ரயில்கள் நிறுத்தும் முற்றத்தின் மேல் தளம் போட்டு எழுப்பிய ஹட்சன் யார்ட்ஸ் 2019 மார்ச்சில் திறந்தது. அங்கே கட்டடங்களின் அளவுக்கு முன்னால் பூங்கா ஒரு விளிம்பாகச் சுருங்கிவிடுகிறது. 30 ஹட்சன் யார்ட்ஸ் கோபுரம் மட்டும் 387 மீட்டர் உயரம். 2016இலேயே முடிந்த 10 ஹட்சன் யார்ட்ஸின் தூக்கிய அடிப்பகுதிக்குக் கீழே பாதையின் ஒரு கிளை செல்கிறது. இந்தக் கூட்டத்தில் ரயிலை நினைவில் வைத்துக் கட்டப்பட்டது 'தி ஷெட்' கலைக்கூடம். ஹை லைனை வடிவமைத்த டில்லர் ஸ்கோஃபிடியோ + ரென்ஃப்ரோவே ராக்வெல் குழுவுடன் சேர்ந்து இதையும் வரைந்தனர். காற்றடைத்த பிளாஸ்டிக் மெத்தைகள் போர்த்திய 120 அடி உயரக் கூடு, ஆளுயரச் சக்கரங்களில் தண்டவாளத்தின் மேல் உருண்டு வெளியே வந்து, முன்முற்றத்தைச் சில நிமிடங்களில் அரங்கமாக மூடிக்கொள்கிறது. துறைமுகக் கிரேன்களின் இயக்கமே இதற்கும் அடிப்படை.

இத்தனை மாடிகளும் யாருக்காக என்ற கேள்வி பூங்கா திறந்த சில ஆண்டுகளிலேயே எழுந்தது. 2019இல் சுமார் 80 லட்சம் பேர் ஹை லைனுக்கு வந்தனர், பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஃபுல்டன், எலியட்-செல்சி என்ற அரசுக் குடியிருப்புகளில் குறைந்த வருவாய்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. அவர்களுடைய தெருவில் மளிகைக் கடையும் பட்டறையும் போய் விலையுயர்ந்த உணவகங்கள் வந்தன. பூங்கா என்ன வடிவில் இருக்க வேண்டும் என்று கேட்டோமே தவிர, உங்களுக்கு என்ன தேவை என்று அவர்களிடம் முதலில் கேட்கவில்லை என்று ராபர்ட் ஹாமண்டே 2017இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பழைய கட்டுமானங்களைப் பூங்காவாக்கும் மற்ற நகரங்களின் குழுக்களோடு இந்த அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள 'ஹை லைன் நெட்வொர்க்' என்ற கூட்டமைப்பு உருவாயிற்று. மலிவு வீடுகளையும் வேலைவாய்ப்பையும் பூங்காவுக்கு முன்பே சட்டத்தில் எழுதிவிட வேண்டும் என்பது அந்தக் குழுக்களிடையே இன்று பரவலான கருத்து. மேற்குச் செல்சியின் விதிகளில் அது சலுகையாக மட்டுமே இருந்தது, கட்டாயமாக இருக்கவில்லை.

ஹை லைனின் வளர்ச்சி 2014இல் முடியவில்லை. பத்தாம் அவென்யூவைத் தாண்டி நிற்கும் கிளைப்பகுதி, மாறிமாறிச் சிற்பங்கள் வைக்கும் மேடையுடன் 2019 ஜூனில் திறந்தது. அங்கிருந்து கிழக்கே மொய்னிஹான் ரயில் நிலையத்தை நோக்கிச் செல்லும் இணைப்பு 2023 ஜூனில் தயாரானது. எஸ்ஓஎம் கட்டடக் கலை நிறுவனமும் ஜேம்ஸ் கார்னரும் வடிவமைத்த அதன் ஒரு பகுதி மரங்கள் நட்ட எஃகுப் பாலம். மற்றொரு பகுதி அலாஸ்கா மஞ்சள் சீடர் மரத்தை ஒட்டிச் சேர்த்துச் செய்த முக்கோணச் சட்டப் பாலம். கட்டடம் எதற்கும் அடித்தளமாகாமல், நடப்பவரைச் சாலை நெரிசலுக்கு மேலாக நிலையத்தின் வாசலருகே கொண்டுவிடும் வேலை ஒன்றையே அது செய்கிறது.